பழையபடியே போடுப்பா

மனநல மருந்துகள் குளுட்டமேட் ஏற்பிகளின் மேல் எப்படி வேலை செய்கின்றன என்று, இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கும் மருத்துவர்களுக்காக உங்கள் சங்க மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்று தெரியும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்தத் தலைப்பில் மைக் பிடித்த முதல் ஆள் நான். மற்றவர்கள் செரட்டோனினோடும் டோபமைனோடும் நின்றுகொண்டிருந்தபோது நான் குளுட்டமேட்டுக்குத் தாவியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் 'குளுட்டமேட் சார்' என்று சொல்வார்கள். அது என் காதில் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். விழுந்தது.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைத் தட்டி எழுப்பும் வேதிப்பொருள் குளுட்டமேட். தட்டப்படும் கதவுகள் ஏற்பிகள். மெமன்டினும் கெட்டமைனும் ஒரே வகைக் கதவைத்தான் அடைக்கின்றன. ஒன்று லேசாக அடைத்துச் சட்டென்று விலகிக்கொள்ளும், மற்றது அவ்வளவு சீக்கிரம் விலகாது. அதனால் ஒன்று மறதி நோய்க்கும் இன்னொன்று எதற்கும் அசையாத மனச்சோர்வுக்கும் போய்ச் சேர்ந்தன. லாமோட்ரிஜின் கதவுப் பக்கம் அதிகம் போவதில்லை, தட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கிறது. வெளியாகும் குளுட்டமேட் குறைகிறது, ஏற்பிகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது, மனம் பள்ளத்தில் விழுவது குறைகிறது என்பது கணக்கு. இவ்வளவுதான். இதையே நாற்பது ஸ்லைடுகளில் ஒரு மணி நேரம் சொல்லத் தெரிந்தவர் நிபுணர்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அவரைக் கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டராக இருந்தார். வயது அப்போது இருபத்தாறு இருக்கும். உத்தனப்பள்ளியில் ஓர் அறை எடுத்து, ஊத்தங்கரைக்காரரான வேலு என்ற இன்னொரு ஆபரேட்டரோடு தங்கியிருந்தார். சில மாதம் தூக்கமே வேண்டாம் என்று இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பார். பிறகு பல வாரம் போர்வையைவிட்டு எழ மாட்டார். வேலுதான் அவரை என்னிடம் கூட்டிவந்தார். "சார், இவன் ஒண்ணு பறக்குறான், இல்லன்னா படுத்துக்குறான். நடக்கவே மாட்டேங்குறான்." நோயை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

லாமோட்ரிஜின் ஆரம்பித்தேன். முறையாகத்தான் ஆரம்பித்தேன்: மிகச் சிறிய மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முழு அளவுக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஏன் இவ்வளவு மெதுவாக என்று அவர் கேட்டார். கதவு, தட்டும் கை எல்லாம் சொல்லி அசத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேகமாக் கூட்டினா என்ன சார் ஆகும்?" என்றார். "தோல்ல ஒத்துக்காமப் போகலாம்" என்றேன். அதை அவர் மறக்கவில்லை. மருந்து கேட்டது. எட்டு மாதம் ஒழுங்காக நடந்தார்.

பங்குனியில் அவர்கள் ஊர்த் திருவிழா. நான்கு நாளில் திரும்பிவிடலாம் என்று மாத்திரையை அறையிலேயே வைத்துவிட்டுப் போனார். பையில் வைத்தால் வீட்டில் பார்ப்பார்கள். அப்போது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன இடத்தில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியபின் விழா முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நான்கு நாள் பன்னிரண்டு நாளாயிற்று.

இந்தப் பகுதியில் உங்கள் நோயாளிகளில் பாதிப்பேர் இப்படித்தான் ஊருக்குப் போய் வருவார்கள். திருவிழா எந்த மாதம், மாத்திரை எங்கே இருக்கும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. வந்தவர்களிடம் ஏற்பிகளைப் பற்றித்தான் பேசினேன்.

திரும்பி வந்த மறுநாள் மதியம் எனக்கு ஃபோன் செய்தார். நான் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் ஹாலில் இருந்தேன். மாலையில் என் பேச்சு. பதினேழாவது ஸ்லைடில் குளுட்டமேட் உருண்டைகள் ஒவ்வொன்றாகப் போய் ஏற்பியில் விழவேண்டும். விழாமல் எல்லாம் ஒரேயடியாக மூலையில் குவிந்துகொண்டிருந்தன. புரொஜெக்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், நான் கருப்பசாமி."

"சொல்லுப்பா."

"நேத்துதான் சார் ஊர்ல இருந்து வந்தேன். காப்புக் கட்டிட்டாக, நடுவுல கெளம்ப முடியல. பன்னெண்டு நாளு மாத்திரை போடல. இப்பப் பழையபடி முழுசாப் போடலாமா, இல்ல மொதல்ல குடுத்தீகளே சின்ன மாத்திரை, அதுல இருந்து ஆரம்பிக்கணுமா?"

"பழையபடியே போடுப்பா."

"சரிங்க சார்."

அந்த மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் முதல் படியிலிருந்துதான் ஏறவேண்டும். இது தெரியாதவனாக இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய அவசியமே இல்லை. அன்று மாலை என் முப்பத்தோராவது ஸ்லைடில் அதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். "இதை மட்டும் மறக்காதீர்கள்" என்று லேசர் ஒளியால் மூன்று முறை வட்டமிட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்டார், விளக்கமாகப் பதில் சொன்னேன். கை தட்டினார்கள். அப்போதும் அந்த ஃபோன் எனக்கு நினைவுக்கு வரவில்லை. குளுட்டமேட் உருண்டைகள் அன்று ஒழுங்காக விழுந்தன என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்துக் கருப்பசாமி கிளினிக்குக்கு வந்தார். இரண்டு முன்கைகளிலும் சிவந்த தடிப்பு, கழுத்திலும் கொஞ்சம். லேசாகக் காய்ச்சல் அடிப்பதாகச் சொன்னார்.

ஓசூரில் தொழில் பார்ப்பவர்களுக்கு மட்டும் வரும் குருட்டுத்தனம் ஒன்று உண்டு. மெஷினில் இரும்பைக் குடையும்போது சூடாகாமல் இருக்க, பால்போன்ற எண்ணெய்த் தண்ணீரை ஓயாமல் ஊற்றுவார்கள். கூலன்ட் என்பார்கள். அதில் கை நனைந்து நனைந்து பாதிப் பேருக்கு அரிப்பும் தடிப்பும் இருக்கும். என்னிடம் மனச்சோர்வுக்கு வருகிறவர்கூடப் போகிறபோக்கில் கையை நீட்டிக் களிம்பு கேட்பார். சிவந்த முன்கையைப் பார்த்தால் எங்களுக்குக் கேள்வியே தோன்றாது, விடைதான் தோன்றும்.

"கூலன்ட்டா?" என்றேன்.

"கூலன்ட்ல வேலைதான் சார். ஆனா இதுக்கு முன்னாடி இப்பிடி வந்ததில்ல. மாத்திரையினால இருக்குமோ?"

"அந்த மாத்திரையைத்தான் எட்டு மாசமாப் போடுறியே. வர்றதுன்னா அப்பவே வந்திருக்கும். இது கூலன்ட்தான்."

களிம்பும் அரிப்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலுக்கு ஒன்று. பழைய மாத்திரையை விடாமல் போடவேண்டும் என்று அழுத்திச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வேலு அவரைத் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். சானமாவுக் காட்டருகே யானைகள் சாலையைக் கடந்ததால் வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்களாம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்கள். நான் அன்று முதலில் சொன்ன வார்த்தை, "இவ்வளவு லேட்டா வந்தா எப்படி?" என்பது.

கருப்பசாமி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். உதடுகள் வெடித்து இரத்தம் உறைந்திருந்தது.

"ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல சார். தண்ணி குடிச்சாக்கூட அழுவுறான்" என்றார் வேலு.

"கூலன்ட் சிலருக்கு இப்படித்தான் ஒத்துக்காம..." என்று ஆரம்பித்தேன்.

"என்னா சார் நீங்க? எட்டு வருசமா நானும் அதுலதான் கைய விட்டுக்கினு இருக்கேன். கையில வரும், ஒத்துக்கறேன். வாய்க்குள்ள எப்டி சார் வரும்? நாங்க அதக் குடிக்கறதில்லயே."

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். இரண்டு கண்களும் இரத்தமாய்ச் சிவந்து, இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மார்பில் தொட்ட இடத்தில் தோல் என் விரலோடு நகர்ந்தது.

அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. தோல் தீக்காயம்போல் உரியும். கண் போகலாம், உயிரும் போகலாம். ஒவ்வொரு மாத்திரையும் நிலைமையை மோசமாக்கும். அன்று காலைகூட அவர் மாத்திரை போட்டிருந்தார், நான் சொன்னபடி.

"நடுவுல மாத்திரைய விட்டிருந்தியா?" என்று கேட்டேன்.

அவரால் பேச முடியவில்லை. தலையை ஆட்டினார். பிறகு வலது கையை மடக்கிக் காதருகே கொண்டுபோனார். அதே கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"என்னடா, ஊட்டுக்கு ஃபோன் பண்ணணுமா?" என்றார் வேலு.

அவர் வீட்டைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஓட்டல் ஹால், பதினேழாவது ஸ்லைடு, "சரிங்க சார்" என்ற குரல் எல்லாம் ஒன்றாக வந்தன. "வீட்டுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்று வேலுவிடம் சொன்னேன்.

அடுத்த அரை மணி நேரம் நான் நல்ல மருத்துவனாக இருந்தேன். மாத்திரையை நிறுத்தினேன். கிருஷ்ணகிரிக்கா பெங்களூருக்கா என்ற கேள்வியில் தயங்கவில்லை. தீக்காயப் பிரிவும் கண் பிரிவும் ஒரே கட்டடத்தில் உள்ள பெங்களூர் மருத்துவமனைக்குப் பேசிப் படுக்கையை உறுதி செய்தேன். நரம்பில் நீர் ஏற்றினேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். நெருக்கடியில் பதறாதவர் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான்.

பதறாமலேயே பரிந்துரைக் கடிதத்தை எழுதினேன். நோயின் வரலாறு என்ற பத்தியில் பன்னிரண்டு நாள் இடைவெளியைக் குறித்தேன். மருந்து முழு அளவில் மீண்டும் தொடங்கப்பட்டதைக் குறித்தேன். யார் சொல்லி என்ற இடம் வந்தது. எதிரே அவர் வாய் திறக்க முடியாமல் படுத்திருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது. நான் ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியம் தமிழில் இப்படி வரும்: "நோயாளி மருத்துவ ஆலோசனையின்றித் தாமாகவே மருந்தை முழு அளவில் மீண்டும் தொடங்கியுள்ளார்."

ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டதாக வேலு ஃபோன் செய்தபோது, நிம்மதி அவருக்காகவா எனக்காகவா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கருப்பசாமி பிழைத்தார். ஒரு மாதம் ஆயிற்று. தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறித் திரும்பி வந்தது. பார்வை தப்பியது, கண்ணீர் சுரப்பது மட்டும் நின்றுபோனது. இன்றும் நாளுக்கு எட்டு முறை சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். பார்த்துக்கொண்டிருந்த பெண் வீட்டார் பின்வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு என்னிடமே திரும்பி வந்தார். லித்தியத்துக்கு மாற்றினேன். லித்தியமும் குளுட்டமேட்டைத் தொடுகிறது என்று சொல்ல எனக்கு ஸ்லைடுகள் இருந்தன, அவரிடம் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வருவார். எப்படி இருக்கீங்க என்பேன். நல்லாருக்கேன் சார் என்பார். சீட்டை வாங்கிக்கொண்டு போவார். ஐந்து ஆண்டுகள் இப்படி ஓடின. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்திருப்பார், அல்லது மன்னித்திருப்பார் என்று இரண்டில் ஒன்றை அந்தந்த மாதத்துக்கு ஏற்றபடி நம்பிக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுஆண்டுப் பேச்சில் முப்பத்திரண்டாவது ஸ்லைடு ஒன்று சேர்ந்தது. கண்களை மறைத்த ஒரு படம். நோயாளி சொல்பேச்சு கேட்காமல் தானே மருந்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு. உங்களில் சிலர் அதைக் குறிப்பெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு கிளினிக்கை மூடினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் அடுத்த மருத்துவரிடம் காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கருப்பசாமியின் முறை வந்தது. பழைய வாக்கியத்தை மறுபடி எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதவும் கை வரவில்லை. படித்த மனிதர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எப்போதும் கிடைத்துவிடும். "ஆலோசனையில் ஏற்பட்ட குழப்பத்தால் முழு அளவில் மருந்து தொடங்கப்பட்டது" என்று எழுதி நீட்டினேன்.

அவர் கடைசிவரை படித்தார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"குழப்பமெல்லாம் இல்லயே சார். நான் தெளிவாத்தான் கேட்டேன். நீங்களும் தெளிவாத்தான் சொன்னீக."

கடிதத்தை மடித்து என் மேசைமேல் வைத்தார்.

"தானாப் போட்டுக்கிட்டான்னு அன்னிக்கு எழுதுனீகள்ல, அத அப்பிடியே பெங்களூர்ல டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் ஏத்திட்டாக. மெடிக்கல் லீவுக்கு அதத்தான் கம்பெனில குடுத்தேன். கண் டாக்டரு வேலை பாக்கலாம்னு எழுதிக் குடுத்தாரு. ஆனா கம்பெனில, டாக்டர் பேச்சக் கேக்காம மாத்திரை போடுற ஆள மெஷின்ல நிறுத்த முடியாதுன்னுட்டாக. அஞ்சு வருசமா பேக்கிங்ல அட்டப்பெட்டி ஒட்டுறேன்."

இது எனக்கு அன்றுதான் தெரியும். ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் எதிரில் உட்கார்ந்தவரிடம் வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டிருக்கவில்லை.

"என்கிட்ட ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"சொல்லி? நீங்க கோவிச்சுக்கிட்டா நான் யார்ட்டப் போறது? பெங்களூர் போகணும்னா ஒரு நாள் லீவு. லீவுன்னா காரணம் எழுதணும். இங்க பக்கத்துல நீங்கதானே சார் இருந்தீக."

மன்னிப்பு என்று நான் நினைத்திருந்தது இதுதான். கடிதத்தைக் கிழித்தேன். வேறு தாளில் எழுதினேன்: "பன்னிரண்டு நாள் இடைவெளிக்குப் பின் நோயாளி என்னிடம் தொலைபேசியில் சரியான கேள்வியைக் கேட்டார். நான் தவறான பதிலைச் சொன்னேன். என் சொற்படியே அவர் முழு அளவில் மருந்தைத் தொடங்கினார். முந்தைய கடிதத்தில் நான் எழுதியது பொய்."

படித்தார். "கம்பெனிக்கு ஒரு காப்பி வேணும் சார்" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கிளம்பாமல் நின்றார்.

"சீல் சார். சீல் இல்லன்னா வாங்க மாட்டாக."

என் பட்டங்கள் எல்லாம் வரிசையாக உள்ள முத்திரையை எடுத்து, அந்த நான்கு வாக்கியங்களுக்குக் கீழே வைத்து அழுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையின் மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். இளைஞர். என் பேச்சைக் கேட்டவராம். மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"சார், உங்க லெட்டர் ஒண்ணு வந்திருக்கு. அவரு உங்ககிட்ட வற்புறுத்தி எழுதி வாங்கிட்டாரோன்னு தோணுச்சு. அப்படி இருந்தா சொல்லுங்க சார், இத ஃபைல்ல ஏத்தாம விட்டுடறேன். இது ரெக்கார்டுக்குப் போனா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"யாரும் வற்புறுத்தல. அதுல இருக்கிறது அத்தனையும் உண்மை தம்பி."

"இருந்தாலும் சார், உங்க சர்வீசுக்கு..."

"ஃபைல்ல ஏத்துங்க."

"சரி சார், பாக்கறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த அன்பை எனக்கு அடையாளம் தெரிந்தது. நாம் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் அன்பு அது. இத்தனை ஆண்டுகள் அதன் நிழலில்தான் இருந்தேன். அதற்குப்பின் இரண்டு முறை நானே கூப்பிட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார். கருப்பசாமி இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார்.

அந்த மருத்துவர் உங்களில் ஒருவர். இந்த மலர் அவர் கைக்கும் வரும் என்பதால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். தம்பி, என் பெயருக்கு ஆகவேண்டிய சேதத்தை இந்தப் பக்கங்களில் நானே முடித்துவிட்டேன். நீங்கள் காப்பாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. கடிதத்தை ஃபைலில் ஏற்றிவிட்டு, அவரை மெஷினுக்கு அனுப்புங்கள்.